தீ வைத்தவனுக்கான மன்றாட்டு

புலம்பெயர் தமிழர் கூடும் லா சப்பலில், தேவாலயத்தில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசித்து வந்தவர் அவர். உணவக அடுப்பில் சுட்டுத் தழும்பேறிய கைகள், கழுத்துவரை பூட்டிய வெள்ளைச் சட்டை. வாசிக்க முன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார்.

2009இல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் அவருடைய தங்கை வீட்டோடு எரிந்துபோனாள். யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்றார்கள். அடுத்த ஞாயிறு, இறந்தவர்களுக்காக ஒன்றும், தீ வைத்தவன் மனந்திரும்ப ஒன்றுமாகச் சுவாமி இரண்டு மன்றாட்டுகள் எழுதிக் கொடுத்தார். இவர் முதலாவதை வாசித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தீ வைச்சவனும் அப்பிடியே எரிய வேணுமெண்டு ஆண்டவரை மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று வழக்கம்போல் எல்லோரும் சொன்னோம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சுவாமி தலை குனிந்து நின்றார்.

பூசை முடிந்ததும் வாசலில் அவர் என்னை மறித்தார்.

“நீரும் சொன்னனீரோ?”

“ஓம் அண்ணை. வாய் பழகிப்போச்சு.”

“நான் மனசாலைதான் சொன்னனான். உம்மட வாய்ப்பழக்கமும் அதோடை போய்ச் சேரட்டும்.”

அதன்பின் அவர் பூசைக்கு வரவில்லை. அன்று நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நானும் இன்றுவரை செபிக்கவில்லை. ஏனென்று எனக்கே விளங்கவில்லை.