ஜீவராணி சொல்லாமல் விட்ட மூன்று நாள்

ஜீவராணி குதிரை பார்க்கிறவள் ஆனது யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் கொழுந்து எடுத்தவள். ஹட்டன் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் நாகரத்தினம் முதலாளி, தோட்டத்து ஓரமாக இருந்த பழைய பங்களா ஒன்றை வாங்கினார். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமென்றார்கள், இவள் போனாள். அடுத்த வருடமே முதலாளி ஒரு பந்தயக் குதிரையை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். இரும்பு விற்கிறவருக்குக் குதிரை எதற்கு என்று அவருடைய மனைவியே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் குதிரைகள் ஓடும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. ஆசைக்குக் காரணம் கேட்டால் யார் சொல்வது?

குதிரையோடு கொழும்பிலிருந்து வந்த ஆள் குளிர் தாங்காமல் ஒன்றரை மாதத்தில் மூட்டையைக் கட்டினார். அவர் கிளம்பும்போது கயிற்றைப் பிடிக்க யாருமில்லை. தண்ணீர் வாளியோடு நின்ற ஜீவராணியிடம், “சும்மா இன்னைக்கு மட்டும் புடிங்க” என்று கொடுத்துவிட்டுப் போனார். ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்த ‘இன்னைக்கு’ இன்னும் முடியவில்லை.

பந்தயத் தாள்களில் குதிரைக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறது. ஜீவராணிக்கு அது செவலை. ஓட்டிப் பழக்குகிறவர் வாரத்தில் மூன்று நாள் வருவார், மற்றதெல்லாம் இவள் கையில்தான். காலையும் மாலையும் நாலு கால்களையும் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பாள். எங்கே சூடு இருக்கிறது, எங்கே வீக்கம் என்று கண்ணால் தெரிவதற்கு முன்பே அவள் விரல்களுக்குத் தெரிந்துவிடும். எத்தனை தடவை சாணம் போட்டது, தவிட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தது என்றெல்லாம் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். தன் மகளின் பரீட்சை எந்தத் தேதி என்று கேட்டால்தான் காலண்டரைப் பார்ப்பாள்.

போன வருடம் மார்ச் மாதத்தில் மழை பிந்தி வந்து, வந்தபின் விடாமல் பெய்தது. பந்தயத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. பங்களாவுக்குக் கீழே ஓடையோரம் செவலை மேய்கிற புல்வெளியில் அட்டைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டன. மாலையில் பார்த்தால் இரண்டு முன்னங்கால்களிலும் இரத்தம் கோடு கோடாக வழிந்திருந்தது. வலது காலில் மட்டும் ஏழு அட்டைகள். ஜீவராணிக்குப் பொறுக்கவில்லை.

அட்டைக்கு என்ன செய்வது என்று கொழுந்து எடுத்தவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மலைக்குப் போகும் முன் துணி துவைக்கிற சவர்க்காரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் தேய்த்துக்கொண்டு போவார்கள். அட்டை கிட்டே வராது. பன்னிரண்டு வருடம் அவள் தன் காலில் தேய்த்ததுதான். அதையே கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து செவலையின் முன்னங்கால்களில் பூசினாள். வலது காலில் கூடுதலாகவே பூசினாள். பின்னங்கால்களைத் தொட்டால் உதைக்கும், அதனால் விட்டுவிட்டாள். இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பூச்சு மழையில் கரைந்துவிடக்கூடாதே என்று மேலே துணிப் பட்டியைச் சுற்றிக் கட்டினாள். அவள் காலில் யாரும் பட்டி கட்டியதில்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மனுஷி காலில் பூசிய சுண்ணாம்பு காற்றில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஈரப் பட்டிக்குள்ளே அடைபட்ட சுண்ணாம்பு இராத்திரி முழுக்கத் தோலைத் தின்றது.

காலையில் செவலை வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பட்டிகளை அவிழ்த்தாள். இடது கால் லேசாகச் சிவந்ததோடு சரி. வலதிலோ வெள்ளைப் பொருக்கோடு முடியும் கொத்தாக வந்தது. கால் முழங்காலுக்குக் கீழே வீங்கித் தடித்திருந்தது, தொட்டால் கொதித்தது. ஜீவராணிக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியதும் அவள் செய்த முதல் வேலை, குழாயைத் திறந்து ஒரு துளி சுண்ணாம்பு இல்லாமல் கழுவியதுதான். அது குதிரைக்கும் நல்லது, தனக்கும் நல்லது. இரண்டில் எது முதலில் மனதில் வந்தது என்று அவளே பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறாள். பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகுதான் முதலாளிக்குப் போன் செய்தாள். ஹட்டனிலிருந்து மிருக டாக்டர் கேஷிகா வந்தார். சின்ன வயது, ஆனால் கெட்டிக்காரி. செவலை காலைத் தொடவே விடவில்லை, மீதியிருந்த ஈர முடி வெந்த தோலை மூடியிருந்தது. வீக்கம், சூடு, நொண்டல், பந்தயத்துக்கு முன் கடும் பயிற்சி. இவையெல்லாம் சேர்ந்து எதைச் சொல்லுமோ அதைத்தான் டாக்டரும் சொன்னார்.

“தசைநார் இழுபட்டிருக்கும் போலத் தெரியுது. ஸ்கேன் பண்ணினாத்தான் நிச்சயமாச் சொல்லலாம், அந்த மெஷின் இங்க இல்ல. அதுவரைக்கும் காலையும் மாலையும் குளிர் தண்ணி ஊத்தி, நல்லா இறுக்கிக் கட்டுங்க. கால்ல வேற ஏதாவது போட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டரம்மா” என்றாள் ஜீவராணி.

தசைநார் என்றால் ஒரு வருடம் ஓட முடியாது. ஓடினாலும் பழைய வேகம் வருமா என்பது சந்தேகம். முதலாளி கொட்டகை வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். குதிரையை ஏற்றிக்கொண்டு போகும்படி மறுநாளே நுவரெலியா சின்னத்தம்பிக்குச் சொல்லியனுப்பினார். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றித் தார் ரோட்டில் நடத்திப் பிழைக்கிறவர் அவர். நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் போகிற குதிரை காலையிலிருந்து இருட்டும்வரை நிற்கும், நடக்கும், திரும்ப நிற்கும். வலி இருந்தாலும் நடக்கும்.

லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பேச்சியம்மாவிடம் மட்டும் ஜீவராணி நடந்ததைச் சொன்னாள்.

“டாக்டரே நரம்புன்னு சொல்லிட்டாங்க. நீ எதுக்குடி வாயக் குடுக்குற?” என்றாள் பேச்சியம்மா. “வேல போச்சுன்னா இந்த வயசுல திரும்பக் கூடையத் தூக்குவியா? குதுரைக்கு வாயா இருக்கு, போய்ச் சொல்ல?”

பேச்சியம்மா கெட்டவள் இல்லை. நாற்பத்தொரு வயதில் மறுபடியும் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு வரிசையில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஜீவராணி வாயை மூடிக்கொண்டாள். காலையும் மாலையும், டாக்டர் சொன்னபடியே, வெந்த தோலின் மேல் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினாள். கட்டும்போதெல்லாம் செவலை நடுங்கியது. கடிக்கவில்லை, உதைக்கவில்லை. அவள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் நின்றது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நாலாம் நாள் காலை சின்னத்தம்பியின் லொறி வந்தது. பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்துவிட்டார்கள். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “கொண்டு வா” என்றார். செவலை பலகையில் வலது காலை வைத்தது, எடுத்தது, வைத்தது. பட்டிக்குக் கீழே நீர் வடிந்து குளம்பு நனைந்திருந்தது.

ஜீவராணி கயிற்றை இழுத்துத் திருப்பினாள்.

“முதலாளி, இது தசநார் இல்லீங்க. நான்தாங்க. அட்டைக்குன்னு சுண்ணாம்பும் சவக்காரமும் பூசிப் பட்டி கட்டிட்டேன். தோலு வெந்து போச்சுங்க.”

“டாக்டர் கேட்டப்ப இல்லன்னியே?”

“தோணலீங்க. இன்னைக்குக் காலையில தோலு உரியிறதப் பாத்தப்பதான் வெளங்கிச்சு.”

முதல் பேச்சு முழு உண்மை. இரண்டாவது முழுப் பொய். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டாள்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று எல்லோரும் நின்றார்கள். அவர் போனை எடுத்து டாக்டரைத்தான் கூப்பிட்டார். கேஷிகா வந்து பட்டியை அவிழ்த்து, மீதியிருந்த முடியை மழித்துப் பார்த்தார். தோல் தோலாக இல்லை. உப்புநீரில் கழுவி, களிம்பு போட்டு, மெல்லிய துணியைத் தளர்வாகச் சுற்றினார்.

“தசைநார் நல்லா இருக்கான்னு வீக்கம் வடிஞ்சாத்தான் தெரியும். பத்து நாள் குடுங்க முதலாளி. நேரா ஓடினா வச்சுக்கங்க, நொண்டினா உங்க இஷ்டம்” என்றார். பிறகு ஜீவராணியைப் பார்க்காமல், “முதல் நாளே தெரிஞ்சிருந்தா இறுக்கிக் கட்டவே சொல்லியிருக்க மாட்டேன். வெறும் தோல்னா இந்த ஏப்ரல் பந்தயத்துலயே ஓடியிருக்கும்” என்றார்.

சின்னத்தம்பி லொறியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்தப் பத்து நாளும் ஜீவராணி கொட்டகையை விட்டு வீட்டுக்குப் போனது குளிக்கவும் மகளுக்குச் சமைக்கவும்தான். வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. பத்தாம் நாள் தோட்டத்து ரோட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் ஓட, செவலை கூடவே ஓடியது. டாக்டர் முன்னால் நின்று பார்த்தார், பின்னால் நின்று பார்த்தார், காலை மடக்கிப் பார்த்து மறுபடி ஓடவிட்டார். குளம்புச் சத்தம் நாலும் ஒரே சீராக விழுந்தது.

“ஒன்னுமில்ல. தோல் மட்டும்தான்” என்றார்.

ஏப்ரல் பந்தயம் செவலை இல்லாமலே நடந்து முடிந்தது. முதலாளி வேலிக்கு உள்ளே நின்று மற்றவர்களின் குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் ஜீவராணியை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்த தோட்டம் முழுதும் ஏமாந்தது. அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “பொம்பளயா இருந்தாலும் என்ன தைரியம் பாத்தீங்களா? தெரிஞ்ச நிமிஷமே சொல்லிருச்சு. இன்னொருத்தனா இருந்தா வாயத் தெறந்திருக்க மாட்டான்” என்று ஆணியோடு சேர்த்து அந்தக் கதையையும் நிறுத்துக் கொடுத்தார். அது தன் காதுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஜீவராணி கூனிக் குறுகிப்போவாள்.

ஆகஸ்ட் மாதம் முதலாளி இரண்டாவது குதிரையை வாங்கினார். மூன்று வயதுப் பெண் குதிரை, சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம். லொறியிலிருந்து இறக்கி, கயிற்றை ஜீவராணியிடம் நீட்டினார்.

“ஒன்ன நம்பித்தான் இதையும் வாங்கியிருக்கேன்.”

அவள் கை நீளவில்லை.

“முதலாளி, ஒன்னு சொல்லணும். செவலை விசயம் அன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சிச்சின்னு சொன்னேன்ல, அது பொய்யிங்க. மொத நாளே தெரியும். கழுவிட்டுத்தான் ஒங்களுக்குப் போன் பண்ணேன். மூணு நாள் தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

பெண் குதிரை இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மூக்கால் சீறியது.

“அப்ப ஏப்ரல் போனது அதனாலதானா?”

“ஆமாங்க.”

“யாருக்கும் தெரியாது. இப்ப எதுக்குச் சொல்ற?”

“இன்னொன்னக் கையில குடுக்குறீங்களே. நாளைக்கு இதுக்கு ஏதாச்சும் ஆனா நான் ஒடனே சொல்லுவேன்னு நெனச்சிக்கிட்டு நீங்க கடையில இருப்பீங்க. நான் அப்புடி ஆளு இல்லைங்க. பயந்துட்டா மறைப்பேன். அது தெரிஞ்சு குடுங்க.”

முதலாளி பங்களாப் படியில் போய் உட்கார்ந்தார். கோபம் வந்தது, போனது, திரும்ப வந்தது. கடைசியில் எழுந்து வந்து கயிற்றை அவள் கையில் திணித்தார்.

“சரி. மருந்துப் பெட்டி இனிமே என்கிட்ட இருக்கும். டாக்டரக் கேக்காம ஒரு சொட்டு எண்ணெய்கூடப் பூசக்கூடாது. என்ன தப்புப் பண்ணாலும் ஏச மாட்டேன். ஆனா பாத்த ஒடனே போன் வரணும். மறைச்சேன்னு தெரிஞ்சிது, அன்னைக்கே நீ வீட்டுக்குப் போயிரு.”

புதுக் குதிரைக்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்த ஜீவராணி முதல் வாரத்தில் பதினொரு தடவை போன் செய்தாள். பின்னங்காலில் முள் கீறல். இடது கண்ணில் நீர். இருமல் ஒன்று, ஒரே ஒன்று. குளம்பில் கல். வாலை அதிகமாக ஆட்டுகிறது. முதலாளி சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்தார், கடையில் ஆளை நிற்க வைத்துவிட்டுப் பேசினார், கோயிலில் வைத்துக்கூடப் பேசினார். அவருடைய மனைவி, “கட்டுன பொண்டாட்டி இத்தன தடவ கூப்புட்டா எடுப்பீங்களா?” என்று கேட்டதில் நியாயம் இருந்தது. சொன்ன சொல்லுக்காக அவர் ஏசவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது போன் இரண்டாம் வாரத்தில் வந்தது, விடிவதற்கு முன்பே. “வெள்ளச்சி தவிட்டத் தொடலீங்க. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. முன்னங்காலால தரையப் பறிக்குது.”

டாக்டர் கேஷிகா வந்து சேர்ந்தபோது குதிரை படுத்து உருளத் தொடங்கியிருந்தது. குடலில் அடைப்பு. ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, எழுப்பி நடக்கவைத்து, வேர்த்து விறுவிறுத்துப்போனார். பத்து மணிக்குக் குதிரை சாணம் போட்டது. அதைப் பார்த்து இரும்புக்கடை முதலாளி கைதட்டினார் என்றால் நம்பமாட்டீர்கள்.

“எத்தன மணிக்குப் பாத்தீங்க?” என்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அஞ்சே காலுக்குங்க.”

“எனக்குப் போன் வந்தது அஞ்சு இருபதுக்கு. இன்னும் ரெண்டு மணித்தியாலம் போயிருந்தா நான் வந்தும் பிரயோசனமில்ல.”

ஜீவராணி கொட்டகைச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். முதலாளிக்கு விளங்கவில்லை. “அதான் பொழச்சிருச்சே, ஏன் அழுற?” என்றார். வெள்ளச்சிக்காக அவள் அழவில்லை. சொல்லிவிடுவது ஐந்து நிமிட வேலைதான் என்றால், அந்த மூன்று நாளும் செவலையை எதற்காக வலியில் நிற்க வைத்தோம் என்று அழுதாள்.