பத்து அட்டை முட்டையும் ஒரு பட்டறைச் சம்பளமும்

கல்யாணம் முடிந்த மறுமாதமே என் கணவர் ரிக் வண்டி ஏறி மத்தியப் பிரதேசம் போய்விட்டார். திருச்செங்கோட்டில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடக்கே போகிறவர்கள்தான். மழைக்காலத்தில் ஊருக்கு வருவார்கள், ஆயுத பூஜை முடிந்ததும் வண்டிக்கு மாலை போட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்குத்தான் ஒத்துவரவில்லை. போனுக்குள் தலையை ஆட்டுகிற ஆளோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

அடுத்த ஆனியில் அவர் வந்து இறங்கியதும் பையைக்கூடப் பிரிக்க விடாமல் ஆரம்பித்துவிட்டேன். சங்ககிரி சாலையில் ரிக் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளம்தான் உதைத்தது.

“பாதிச் சம்பளத்துல மூணு பேரு எப்படி இருக்கறது, புள்ள?”

“இருந்து பாக்கலாமுங்க.”

பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஆயுத பூஜை வரைக்கும் பட்டறைச் சம்பளத்தில் மட்டும் வீட்டை ஓட்ட வேண்டும். பேங்கில் கிடக்கும் ரிக் பணத்தைத் தொடக்கூடாது. தொடாமல் இருந்துவிட்டால் அவர் இங்கேயே தங்குவார், தொட்டால் வண்டி ஏறிவிடுவார்.

என் மாமியார் இதையெல்லாம் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். “எம்பட பையன் ஊட்டோட இருந்தா எனக்கென்ன கசக்குதா? ஆனா சாமி, போன்ல பாத்துப் பாத்துக் குடும்பம் நடத்தீட்டுக் கடசீல எங்களப் பச்சத்தண்ணி குடிக்க வெச்சுறாத.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. போனில் சிக்கனக் குறிப்பு சொல்கிற ஒருவரையும் நான் விடவில்லை. பருப்பை ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். குக்கரில் சோறு, பருப்பு, காய் மூன்றையும் அடுக்கி ஒரே தடவையில் இறக்கலாம். தோசைக்கல்லைச் சூடு ஆறுவதற்குள் மறுபடி பயன்படுத்தலாம். பாக்கெட் மாவை நிறுத்திவிட்டுக் கிரைண்டரைத் தூசி தட்டினேன். பஸ் பெண்களுக்கு இலவசமாச்சே என்று தக்காளிக்கு ஒரு சந்தை, வெங்காயத்துக்கு ஒரு சந்தை என்று அலைந்தேன்.

“பஸ்ஸுதான ஓசி, உன்ற காலுமா ஓசி?” என்றார் மாமியார், நான் பாதத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது. தைலம் என் கணக்கில் இல்லாத செலவு.

இத்தனைக்கும் பணம் எங்கோ ஒழுகிக்கொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஆடி பாதி ஆகிவிட்டது. ஓட்டை என் கணவர்தான்.

ரிக் வண்டியில் சோறு, சோப்பு, எண்ணெய், பேஸ்ட் எல்லாமே முதலாளி செலவு. தீர்ந்தால் கடைக்கு ஆள் போகும். எட்டு வருடமாக அப்படி வாழ்ந்தவருக்கு ஒரு சாமான் தீரும் என்பதே தெரியவில்லை. பட்டறைக் கிரீஸ் போகத் துணி சோப்புத்தூளை இரண்டு கையாலும் அள்ளித் தேய்ப்பார். தலைக்கு எண்ணெய் வைத்தால் சட்டைக் காலர் வரைக்கும் இறங்கும்.

“ஏனுங்க, சோப்பு முந்தாநேத்துத்தானுங்க பிரிச்சேன்.”

“தீந்தா வேற எடுத்துக்கலாமில்ல.”

“எங்கிருந்துங்க எடுக்கறது?”

அவர் அலமாரியைக் காட்டினார். “அங்கதான இருக்கும்?”

நிஜமாகவே அவருக்கு அது கேள்வியாகப் படவில்லை. நான் நூலைக் கட்டிச் சோப்பை மூன்று துண்டாக அறுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். “ரேசன் கடையாட்ட ஆயிப்போச்சு ஊடு” என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

முட்டை விவகாரம் ஆவணியில் நடந்தது. நாமக்கல் சாலையில் உள்ள கோழிப் பண்ணைகளில், ஓடு லேசாகக் கீறிய முட்டைகளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். லாரியில் தூரமாக அனுப்ப முடியாது. சீக்கிரம் சமைத்துவிட்டால் ருசியில் ஒரு குறையும் கிடையாது. பட்டறை வேலையாக அந்தப் பக்கம் போன என் கணவரிடம் ஓர் அட்டை வாங்கி வரச் சொன்னேன். அட்டைக்கு முப்பது முட்டை.

பட்டறை டெம்போ வாசலில் வந்து நின்றது. பத்து அட்டை.

“பத்தாக் கேட்டதுக்கு இன்னுங் கொறச்சுக் குடுத்தாங்க, புள்ள.” முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ரிக் வண்டியில் ஆட்களுக்கெல்லாம் மொத்தமாகச் சாமான் வாங்கிய கை. ஒன்றே ஒன்று வாங்க அதற்குத் தெரியவில்லை. அந்த வாரத்துப் பணம் முழுக்க முட்டையாக வந்து நிற்கிறது. அடுத்து காய் வாங்க வேண்டுமென்றால் பேங்குக்குத்தான் போக வேண்டும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமியார் வெளியே வந்து பார்த்தார். “ஒரு கோழி ஆயுசுக்கும் இத்தன முட்டையப் பாத்திருக்காது” என்றார். அப்புறம் டிவியை அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாக அவர் குரல் கேட்டது. “கீறல் முட்டைதானுங்க. கடையில குடுக்கறதுல பாதி குடுத்தாப் போதும். இன்னைக்கே ஆக்கீருங்க, நாளைக்கு வெச்சுட்டு என்னையத் திட்டாதீங்க.”

விளக்கு வைப்பதற்குள் ஒன்பது அட்டை போய்விட்டது. வாரப் பணம் திரும்பி வந்தது. எங்கள் அட்டைக்குக் காசே ஆகவில்லை. அன்று ராத்திரி தெரு முழுக்க முட்டைக் குழம்பு வாசம். அடுத்த வாரம் எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார். “ஏனுங், இந்த வாரம் டெம்போ வருதுங்களா?”

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆகிவிட்டது. புரட்டாசி பிறந்து தெருவே முட்டையை நிறுத்தியதும் வெங்காயத்தை மூட்டையாக எடுத்தோம். கடலை எண்ணெய் செக்கிலிருந்து டின்னாக வந்தது, பரமத்தி வேலூர்ப் பக்கமிருந்து வெல்லம் சிப்பமாக வந்தது. கொஞ்சமாக வாங்கத் தெரியாத மனுஷரை இஷ்டத்துக்கு வாங்கவிட்டு, நானும் மாமியாரும் வாசலில் தராசோடு உட்கார்ந்தோம். பெரிய லாபமெல்லாம் இல்லை. எங்கள் வீட்டுப் பங்கு சும்மா கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் கேஸ் தீர்ந்தது. சம்பளத்துக்கு இன்னும் நாள் இருந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு பேங்க் கணக்கைத் திறக்கலாமா வேண்டாமா என்று நின்றேன். கொல்லைப்பக்கம் புகை வந்தது. மாமியார் மூன்று கல்லைக் கூட்டித் தென்னை மட்டையை எரித்து உலை வைத்திருந்தார்.

“சிலிண்டரு சம்பளத்துக்கு அப்பறம் வரட்டும். போனை உள்ள வெச்சுட்டு அரிசியக் களைஞ்சுட்டு வா சாமி” என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டே. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்தப் பந்தயத்தில் என்னைவிட அவர்தான் அதிகம் கட்டியிருக்கிறார் என்று.

பூஜைக்கு முதல் நாள் ரிக் வண்டி மேனேஜர் அட்வான்ஸ் பணத்தோடு வந்தார். மாமியார் டீ கொடுத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். “தொடலைங்க” என்றேன். ஆனியில் இருந்த பணம் அப்படியே இருந்தது.

“இந்த வருசம் வர்லைங்க” என்றார் அவர் மேனேஜரிடம்.

“யோவ், பட்டறையில உனக்கு இதுல பாதிகூட வராதே.”

“ஆமாங்க.”

“அப்பறம் அங்க என்னதான் கெடைக்குதுங்கற?”

“மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கு வந்துக்கறனுங்க.”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

வண்டிகள் கிளம்பிய மறுநாள், பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு அவர் சாப்பிட வந்தார். நான் அளந்து அளந்து பழகிய கையால் சரியாக மூன்று பேருக்குத்தான் வைத்திருந்தேன். பசியில் வந்தவர் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது பாத்திரம் காலி.

“பையன ஊட்டோட நிறுத்துனது பட்டினி போடவா?” என்றார் மாமியார்.

என் கணவர் சிரிக்க, நானும் சிரித்துக்கொண்டே அரிசியை இரண்டு கையாலும் அள்ளிக் குக்கரில் போட்டேன். அளக்கவில்லை.