காலி என்று எழுதி ஒட்டிய டேங்க்

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், நான்காவது சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். இடம், பிரிக்பீல்ட்ஸில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டின் முன்புறம். நிமிடம்கூட எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். நான் எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு எழுதி வைக்கிறவன். அரசாங்க அலுவலகக் கோப்பு அறையில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. அந்தப் பழக்கம்தான் அன்று என் மனைவியையும் என்னையும் கொல்லப் பார்த்தது.

என்னிடம் ஒரு பழைய ஆங்கிலேயக் கார் இருக்கிறது. அறுபதுகளில் செய்தது. நான்கு வருடங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு வீட்டின் பின்புறம், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைப் பார்த்து வாங்கினேன். அந்தக் காரோடு எனக்கு எந்தப் பழைய உறவும் கிடையாது. சின்ன வயதில் அதில் போனதும் இல்லை. பூட்டியிருக்கும் பெட்டியைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுமே, அவ்வளவுதான்.

இன்ஜினை ஒருவாறு உயிர்ப்பித்துவிட்டோம். ஆனால் ஏழு நிமிடம் ஓடும், நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே ஏழு நிமிடம். செந்தூலில் இருக்கும் மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் தட்டினார். குங்குமம்போலச் சிவப்புத் தூள் கொட்டியது. "அங்கிள், உங்க டேங்க்குள்ள செம்மண் ரோடே ஓடுது லா" என்றார். பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடித்து, அந்தத் துரு வந்து அடைத்துக்கொள்கிறது. அந்த மாடலுக்குப் புது டேங்க் இங்கே கிடைக்காது. பழையதைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

அது ஜூலை மாதம். ஆகஸ்டு முப்பதாம் தேதி நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்து செந்தூலில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே கார் நிறுத்த எங்களுக்கு இரண்டு இடம். ஒன்று மனைவியின் வண்டிக்கு. இன்னொன்றுக்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"முப்பதாம் தேதி அது தன்னால ஓடி வந்துச்சுன்னா வரட்டும். ஓடலன்னா மேருவுக்கு."

மேருவில் ஒரு பழைய இரும்புக்கடை. அவர்கள் லோரி அனுப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். மனைவி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடையின் எண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

டேங்க்கைக் கழற்றி, அளவுமானி இருக்கும் துளை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு குகை. சுவரெல்லாம் செதில் செதிலாகத் துரு, மூலையில் தார் மாதிரி கெட்டிப்பட்ட பழைய பெட்ரோல். எனக்கு அருவருப்பு வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. மூன்று ஊறுகாய்ப் போத்தல்களை எடுத்து, ஒன்றில் வினிகர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் புளிக்கரைசல் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துருப்பிடித்த போல்ட்டைப் போட்டு, மூடியில் தேதி எழுதி வைத்தேன். குத்துவிளக்கைத் தேய்க்கும் புளி துருவை என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. புளி ஏமாற்றவில்லை. இரண்டாம் நாளே போல்ட்டின் மரை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சக்கை டேங்க்கின் மூலைகளில் போய் மாட்டிக்கொண்டால் எடுக்க முடியாது. கடைசியில் வினிகரைத் தேர்ந்தெடுத்தேன். போத்தல் போத்தலாகத் தூக்கியபோது மளிகைக்கடை அக்கா, "என்ன அங்கிள், அச்சார் பிஸ்னஸ் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

வினிகரில் ஊறவைத்து, உள்ளே ஒரு துண்டு இரும்புச் சங்கிலியைப் போட்டு, டேங்க்கைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்து ஆட்டுவேன். சங்கிலி உராய்ந்து துருவைப் பெயர்க்கும். தினமும் காலை அரை மணி, மாலை அரை மணி. "தைப்பூசம் முடிஞ்சி எவ்வளவு நாளாச்சு, நம்ம வீட்டுல மட்டும் உருமி மேளம் நிக்கல" என்று மனைவி பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தாள். ஐந்தாவது வாரம் கேமராவை விட்டபோது சாம்பல் நிறத்தில் வெறும் தகடு தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "பரவால்லையே" என்றாள். அதுவரை அந்தக் காரைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

வினிகரை வடித்து, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, பிறகு குழாய்த் தண்ணீரால் பதினேழு முறை கழுவினேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. கழுவிய வெறும் தகடு காய்வதற்குள் மறுபடியும் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். அரை மணி நேரத்தில் தேநீர்க் கறைபோல ஒரு படலம் வந்துவிடுகிறது. அதைத் தடுக்க, கொஞ்சம் பெட்ரோலை உள்ளே ஊற்றிக் குலுக்கினால் ஈரத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை அரை லிட்டர் ஊற்றிக் குலுக்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்தேன். காற்றாடட்டும் என்று எல்லாத் துளைகளையும் இரவு முழுதும் திறந்து வைத்தேன். பிறகு வழக்கம்போல ஒரு சீட்டில் நீல மையால், 'காலி. வெள்ளி மாலை 6.20' என்று எழுதி டேங்க்கின் மேல் ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை டேங்க்கைக் காரில் பூட்டுவதாக இருந்தேன். மனைவி தடுத்தாள். ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது, ஆறு வாரம் பாடுபட்டது வீணாகக் கூடாது, ஒரு கற்பூரம் காட்டிவிட்டுப் பூட்டலாம் என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. மேருவுக்கு அனுப்பத் துடித்தவள் தானாகவே தாம்பாளம் எடுத்து வருகிறாள். ஆனால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, ராகு காலம் முடியட்டும் என்றாள். காத்திருந்தோம். அதற்குள் பாயசத்துக்குப் பால் வைக்கப் போனால் அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது. கேஸ் கடைக்கு ஃபோன் செய்தாள்.

பத்தரை தாண்டியதும், செய்தித்தாள் விரித்துத் தரையில் டேங்க்கை வைத்தோம். மூடி இல்லாத வாயைச் சுற்றிச் சந்தனம் வைத்தாள். என் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு. எலுமிச்சம்பழம், வெற்றிலை, தாம்பாளத்தில் இரண்டு கட்டி கற்பூரம். டேங்க்குக்கு முன் குந்தி உட்கார்ந்து தீப்பெட்டியைத் திறந்தாள்.

அப்போதுதான் கேஸ் தோங், அதாவது சிலிண்டர், கொண்டுவருகிறவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். சிலிண்டரைத் தோளில் வைத்தபடி நின்றார். மூக்கைச் சுளித்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஆன்டி, அந்தக் குச்சிய உரசாதீங்க."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பூசையை நடுவில் நிறுத்தச் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் திரும்பி நடந்து சிலிண்டரைக் கேட்டுக்கு வெளியே, வெகுதூரம் தள்ளி வைத்துவிட்டு வந்தார். அவள் கையிலிருந்த தீப்பெட்டியை மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் என்னிடம் கேட்டார்.

"இது என்ன டேங்க், அங்கிள்?"

"பெட்ரோல் டேங்க். பயப்படாதீங்க, காலிதான். பாருங்க, எழுதியே ஒட்டியிருக்கேன்."

அவர் குனிந்து என் கையெழுத்தைப் படித்தார்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு. நிறைஞ்சி இருந்தா வாயில நின்னு எரியும். கோசோங்கா இருந்தா வெடிக்கும்."

கோசோங் என்றால் மலாயில் காலி. சீனி போடாத தேநீருக்கும் இங்கே அதே சொல்தான், நாள்தோறும் சொல்கிறோம். காலியாக இருப்பது எப்படி வெடிக்கும்? சத்தியமாக எனக்குக் கோபம் வரவில்லை, புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. கேட்டேன். அவர் முன்பு மேருவில், எண்ணெய் லோரி டேங்க்குகளுக்கு வெல்டிங் வைக்கும் பட்டறையில் மூன்று வருடம் இருந்தவராம். கூட வேலை செய்த ஒருவர் வடித்த டேங்க்தானே என்று நெருப்பு வைத்தாராம். அதற்குமேல் சொல்லவில்லை. தன் இடது காதைத் தொட்டு, கேட்காது என்று கையசைத்தார். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், டேங்க் வழிய வழிய ஊற்றுவதற்கு.

நான் தயங்கினேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் துரு. முப்பதாம் தேதிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. உயிர் பெரியதா டேங்க் பெரியதா என்று யாராவது கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை. நான் ஆறு வாரத்தை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"அது மேருவுக்கே போனாலும் பரவால்ல. ஊத்துங்க" என்றாள் மனைவி. ஊற்றியதும் அவள்தான்.

அப்போது அவர், "டேங்க்கப் பார்க்காதீங்க அங்கிள். தரையில நிழலப் பாருங்க" என்றார்.

பத்தே முக்கால் மணி வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் டேங்க்கின் நிழல். தண்ணீர் உள்ளே இறங்க இறங்க, அந்த நிழலின் வாய்ப்பகுதியிலிருந்து இன்னொரு நிழல் கிளம்பியது. புகைபோல, ஆனால் மேலே போகாமல் கீழே வழிந்தது. டேங்க்கைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. தரையைப் பார்த்தால் அது நெளிந்து நெளிந்து இறங்கி, கற்பூரத் தாம்பாளம் இருந்த இடம் வரை போய்ப் பரவுகிறது. பிறகுதான் வாடை வந்தது, கண்ணை எரிக்கும் அளவுக்கு.

"அது என்னங்க?" என்றாள் மனைவி.

"அதுதான் ஆன்டி, அங்கிள் காலின்னு எழுதினது."

எத்தனையோ புத்தகங்களில் ஆவியைப் பற்றிப் படித்திருக்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதுகூட எங்கோ படித்ததுதான். படித்தது ஒரு பக்கம் இருக்க, என் கை மறுபக்கம் 'காலி' என்று எழுதியிருக்கிறது.

தண்ணீர் நிரம்பியதும், சிலிண்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். தேநீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. இன்னும் ஆறு வீடு இருக்கிறதாம். மனைவி தாம்பாளத்திலிருந்த கற்பூரத்தைத் திரும்பப் பொட்டலம் கட்டினாள். கட்டிக்கொண்டே, "ராகு காலம் பார்க்காம பத்து மணிக்கே கொளுத்தியிருந்தா, அவர் வந்திருக்க மாட்டார்" என்றாள். என் குறிப்பேட்டில் நேரங்களைச் சரிபார்த்தேன். மறுக்க முடியவில்லை.

எதிர்பார்த்தபடியே துருப் படலம் வந்தது. திங்களும் செவ்வாயும் மறுபடி வினிகர், மறுபடி உருமி மேளம். இந்த முறை சங்கிலியைப் பிடித்து ஆட்டியதில் பாதி நேரம் அவளுடையது. கடைசி அலசலை வெந்நீரில் செய்து, சூடு ஆறுமுன் மேசை விசிறியை வைத்துக் காயவிட்டு, பெட்ரோலுக்குப் பதில் கொஞ்சம் இன்ஜின் எண்ணெய் விட்டு உருட்டினோம். வியாழக்கிழமை டேங்க்கைப் பூட்டி இன்ஜினை ஓடவிட்டேன். ஏழாவது நிமிடம் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டானது. இருபதானது. அவள் உள்ளே போய் இரும்புக்கடை எண்ணைக் கிழித்துப் போட்டாள்.

முப்பதாம் தேதியும் சனிக்கிழமைதான், அன்றும் ராகு காலம் முடியக் காத்திருந்தோம். கற்பூரம் இல்லை. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் மட்டும். அப்போது அவர் வந்தார், போன வாரம் அவசரத்தில் விட்டுப்போன தீர்ந்த சிலிண்டரை எடுத்துக்கொள்ள; அவர் மாட்டிய புதியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். புது வீட்டில் மின்சார அடுப்பு. சட்டைப் பையிலிருந்து எங்கள் தீப்பெட்டியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். ஒரு வாரமாக அவர் பையிலேயே இருந்திருக்கிறது. நான் சிலிண்டரைக் காட்டி, பழக்க தோஷத்தில், "கோசோங்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து, வால்வு மூடியிருக்கிறதா என்று இறுக்கிப் பார்த்து, முழுச் சிலிண்டரைத் தூக்குகிற அதே கவனத்தோடு நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஓரத்தில் மனைவியின் குங்குமத்தோடு. இப்போதும் எதையாவது முடித்துவிட்டுத் தேதி போட்டு 'காலி' என்று எழுதப் பேனாவை எடுத்தால், எழுதுவதற்கு முன் என் கண் தானாகத் தரையில் நிழலைத் தேடுகிறது.