நாயாற்று வெள்ளமும் அம்மாவுக்குக் கேட்ட குரலும்

இன்று காலை பக்கத்து வீட்டுக் கொட்டிலிலிருந்து மழையில் ஊறிய தென்னோலைக் கிடுகின் மணம் வந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. எனக்கு ஒன்பது வயதாக இருந்த மாரியில், நாயாற்றில் வள்ளம் கவிழ்ந்து அப்பா இறந்து ஒரு மாதத்துக்குள், வெள்ளம் பாதையை மூடிவிட, அம்மாவும் நானும் கிடுகுக் கூரை ஒழுகும் ஒற்றை அறைக்குள் பதினொரு நாள் அடைபட்டுக் கிடந்தோம். சுவரெல்லாம் ஈரம், அடுப்பில் புகை, வெளியே ஓயாத தண்ணீர்ச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒரு குரல் தன்னைத் தண்ணீரில் இறங்கச் சொல்கிறது என்றார் அம்மா.

“நான் திறக்கச் சொன்னாலும் கதவைத் திறக்காதை, பிள்ளை. ஆண்டவர் என்னைக் கைவிட்டிட்டார். அதுதான் இப்பிடிக் கேக்குது.”

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கோயிலில் தந்த சுவிசேஷப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி நாள் முழுவதும் உரக்க வாசித்தேன், என் குரலாவது அந்தக் குரலை மூடட்டும் என்ற பயத்தில். ஆறாம் நாள், வனாந்தரத்தில் பட்டினி கிடந்த இயேசுவைச் சாத்தான் உயரத்தில் ஏற்றிக் கீழே குதிக்கச் சொன்ன இடம் வந்தது.

அம்மா என் கையைப் பிடித்தார். “அவருக்கும் கேட்டதோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப எனக்குக் கேக்கிறது என்ர பாவத்தால இல்லை.”

அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பொழுதுபடுமுன் அவருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. குரல் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. ஆனா இனி அதோட நான் கதைக்கமாட்டன்.”

நான் கதவடியை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் படுத்தேன். வெள்ளம் வடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது.