வேகாத தலை

கிடா சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து எங்கள் துவாரகா குடியிருப்பில் எல்லாரும் சிரித்தார்கள். வாட்ச்மேன் கைதட்டினான். யாரோ செல்போனில் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, குரூப்பில் வேறு போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மாட்டு டாக்டர். டெல்லிக்கு வந்த பிறகு பணக்கார நாய்களுக்கு ஊசி போட்டே காலம் போகிறது என்றாலும், படித்த படிப்பு மறந்தா போகும்? ஒரே பக்கமாக வட்டமடிக்கிற ஆடு கூத்துக் காட்டவில்லை. அதன் மூளைக்குள் நீர்க்கட்டி வளர்கிறது.

கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் துணி இஸ்திரி போடுகிறாளே, அவளுடைய கிடா அது. குட்டியாக வாங்கி, கொம்பு முளைத்ததும் பச்சை ரிப்பன் கட்டி, பக்ரீதுக்கென்றே வளர்த்தாள். வருஷா வருஷம் பக்ரீத் அன்று வசதியான வீட்டு வாசல்களில் கறிப் பங்குக்காகப் பையை நீட்டி நிற்கிறவள். "இந்தத் தடவை நான் கொடுப்பேன் மேடம்ஜி. உங்க வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு" என்று என் புடவையை மடித்துக்கொண்டே எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! கிடாவுக்குத் தீனி, எங்கள் சுவரை ஒட்டிய பூங்காப் புல்.

அந்தப் புல்லில்தான் வந்தது வினை. மாமியின் நாய்கள் படுப்பதும் அங்கேதான், வெளிக்குப் போவதும் அங்கேதான்.

மாமி எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் சர்வீஸ் முழுக்க ஓட்டிவிட்டு, ரிடையர் ஆகி இங்கே வந்தவர். வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார். ஆனால் தெருநாய்கள் என்றால் உயிர். "அதுகளுக்குப் போய்த் தயிர்சாதம் போட்டா பாவம்டி" என்று கறிக்கடைக்காரனிடம் சொல்லிவைத்து, தினமும் சாயங்காலம் நாய்களுக்கு ஒரு பை கழிவுக் கறி வரவழைப்பார். தூர நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, அவை தின்பதைப் பார்த்துப் பூரித்துப் போவார். கடைக்காரன் என்ன நல்ல கறியா கொடுப்பான்? பிளந்த ஆட்டுத்தலையில் இதே மாதிரி நீர்க்கொப்புளம் தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள், அது நேரே மாமியின் பைக்குப் போகும். அந்தக் கொப்புளத்தைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். நாய் கழித்த இடத்துப் புல்லில் அதன் முட்டைகள் ஒட்டிக் கிடக்கும். அந்தப் புல்லைத்தான் கிடா தின்றது; முட்டை உள்ளே பொரிந்து, மூளைக்குள் ஏறிக் கட்டியாகிவிட்டது.

மாமியிடம் போனேன். "பச்சையாப் போடாதீங்க மாமி. வேகவெச்சுப் போட்டாப் புழு செத்துடும், அவ்வளவுதான்."

"என் அடுப்புலயா?" மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நன்னாயிருக்கே! பக்கத்துலயே பெருமாள் இருக்கார்டி."

சரி, நானே வேகவைத்துத் தொலைக்கிறேன் என்று பெரிய குக்கரில் ஏற்றினேன். ஒரு வாரம் தாங்கவில்லை. லிஃப்ட் வரைக்கும் நாற்றம் என்று குரூப்பில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், கிடாவைப் பார்த்துச் சிரித்த அதே புண்ணியவான்கள். நாய்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தேன். பிடிபட்ட நாய்கள் தின்றன, பிடிபடாதவை ஓடின, மார்க்கெட் பக்கமிருந்து புதுசாக வேறு வந்து சேர்ந்தன. புல்லில் ஏற்கெனவே கிடக்கும் முட்டைக்கு என்னிடம் ஏது மாத்திரை?

அதற்குள் கிடாவுக்கு ஒரு கண் போய்விட்டது. மண்டையைத் தடவினால் ஓரிடத்தில் எலும்பு விரலுக்கு அமுங்கியது. திறந்து கட்டியை எடுக்கலாம், பிழைத்தாலும் பிழைக்கும் என்றேன். இஸ்திரிக்காரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்புறம் குர்பானி கொடுக்கலாமா?"

அவள் புருஷன் மசூதியில் விசாரித்துக்கொண்டு வந்தான். ஊனமில்லாததைத்தான் பலி கொடுக்க வேண்டுமாம், கண் போனது ஆகாதாம். அவள் அழவில்லை. தேய்த்து மடித்து வைத்திருந்த என் புடவையைப் பிரித்து மறுபடி தேய்த்தாள்.

பண்டிகைக்கு முன்பே கிடா விழுந்துவிட்டது, எழுந்திருக்கவில்லை. தானாகச் செத்தால் கறியும் ஆகாது என்று அதே கறிக்கடைக்காரனிடம் தூக்கிப் போய் அறுத்துவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு நான் கடைக்கே ஓடினேன். "தலையை மட்டும் நாய்க்குப் போடாதே பாய். ஆழமாப் புதைச்சிடு, இல்லே எரிச்சிடு."

"அச்சா மேடம், அச்சா" என்றான், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் பூங்காவில் பழுப்பு நாய் ஒரு தலையை முன்னங்காலால் அழுத்திப் பிடித்து நக்கிக்கொண்டிருந்தது. கொம்பில் பச்சை ரிப்பன். "பாருடி, எவ்வளவு ஆசையாச் சாப்பிடறது!" என்றார் மாமி. நான் கத்திக்கொண்டே போய்ப் பிடுங்கினேன். மண்டைக்குள் ஒன்றும் மிச்சமில்லை.

பக்ரீத் அன்று இஸ்திரிக்காரி வழக்கம்போலப் பையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

போன வாரம் துணி கொடுக்க வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மேடம்ஜி, ஒண்ணு காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பூங்காக் கம்பியில் ஒரு புதுக்குட்டி கட்டியிருந்தது. பழுப்பு நாய் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் உங்க பங்கு நிச்சயம்" என்றாள்.

"இங்கே மேய்க்காதே" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டடங்களையும் வரிசையாக நின்ற கார்களையும் ரோட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "வேற எங்க மேடம்ஜி புல்லு இருக்கு?"

நானும் சுற்றிப் பார்த்தேன். குட்டி தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தது.