பெயர் போடாத விடுதலைப் பத்திரம்: லின்னோடு சதுரங்கப்பட்டினம்

என் தம்பி கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண் லின், தைவான்காரி. இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. புதுப்பட்டினத்தில் இருக்கும் எங்கள் அம்மாவோ, "சீனாக்காரி வாணாம், நாளைக்கு இன்னொரு சண்டை வந்தா எந்தப் பக்கம் நிப்பா?" என்று ஒரே பிடியாக நின்றார். நேரில் பார்த்தால் மனம் மாறாதா என்ற நப்பாசையில், போன தை மாதம் ஒரு சனிக்கிழமை நானே லின்னை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தம்பியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவன் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும்.

செங்கல்பட்டில் காலை ஏழரைக்குக் கல்பாக்கம் பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் லின்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, சீனாவா?"

"தைவான்," என்றாள் லின்.

"ஓ, தாய்லாந்து. என் மச்சான் டூர் போய்ட்டு வந்துகீறான்."

லின் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் எரிச்சல்.

கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செங்கல் மதில், டச்சுக்காரர்களின் கல்லறைகள், கிடங்குகள், நல்ல கடல்காற்று. ஆங்கிலேயர் பிடுங்குவதும் ஒப்பந்தம் போட்டுத் திருப்பித் தருவதுமாக இருந்து, கடைசியில் 1824இல் லண்டனில் போட்ட கையெழுத்தில் இந்த ஊர் ஆங்கிலேயருக்கே போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். தன் ஊரிலும் டச்சுக் கோட்டை உண்டு என்றாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். உலகப் போரில் தோற்ற ஜப்பான், 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் போட்ட ஒப்பந்தத்தில் தைவான் மீதிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. யாருக்கு என்று மட்டும் அதில் எழுதவில்லை. தைவானைச் சீனாவுக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற போர்க்காலப் பிரகடனங்களே போதும், தைவான் எங்களுடையது என்கிறது சீனா. இல்லை, இன்னும் முடிவாகவில்லை என்பவர்களும் உண்டு. வாதம் ஓய்ந்தபாடில்லை.

அட, இது நம் ஊர் விடுதலைப் பத்திரம் அல்லவா என்று தோன்றியது. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பவர் எழுதித் தருவது அது. தைவான் கதையை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை எனக்கு அங்கேயே பாதி தீர்ந்தது.

போகிறவர்கள் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே நிழல் குறைவு. பத்து மணிக்குள் பார்த்துவிட்டால் மாமல்லபுரத்தையும் அன்றே முடிக்கலாம், பதினைந்து கிலோமீட்டர்தான். நாங்கள் போகவில்லை. எங்களுக்கு வேறு கோட்டை பாக்கி இருந்தது.

அம்மா வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது விஷயத்தை விளக்கினேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டார்.

"எங்க அப்பா வூட்ல என் பங்க உங்க மாமாவுக்கு வுட்டுக்குடுத்தேன். அவன் பேரு போடாமலா எழுதுனாங்க? பேரு போடலன்னா பேஜாருதான். செரி, அங்க குடியிருக்கிற ஜனங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா?"

லின்னிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினாள். "சதுரங்கப்பட்டினத்துலயும் யாரும் கேக்கலம்மா," என்றேன்.

அம்மா லின் தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தார்.

"இந்தப் பொண்ண மட்டும் யாரு கேட்டது? வாணாம்னு நான் சொல்லிகினு கீறேன், வேணும்னு அவன் சொல்லிகினு கீறான்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நான் கேக்கறேன். எங்க வூட்டுக்கு வர உனக்குச் சம்மதமா?"

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். எனக்கு அழுகைதான் வந்தது.

லின் காத்திருக்கவில்லை. "சம்மதம், அத்தை," என்றாள் தமிழிலேயே.