லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டுக்குத் தப்பிய சாமான் கிடையாது. சைக்கிள், கிரைண்டர், அரிவாள்மனை, மோட்டார் கொட்டகை ஸ்விட்ச் போர்டு என்று எல்லாவற்றிலும் அம்மா சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்துவிடுவார். அந்த வருஷம் லேப்டாப்பும் மாட்டியது. அது என்னுடையதுகூட இல்லை. என்னோடு எம்.சி.ஏ. படித்த, காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கைத் தோழியுடையது. எங்கள் இருவர் புராஜெக்டும் அதற்குள்தான். பூஜை லீவு முடிந்த மறுநாளே வைவா என்ற வாய்மொழித் தேர்வு. என் வேலை பாக்கி இருந்ததால் எங்கள் ஊரான உத்திரமேரூருக்கு வாங்கி வந்திருந்தேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலை ஆன் செய்தால், உள்ளே விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கும்மிருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது, வெளிச்சம்தான் இல்லை. வந்ததே எனக்குக் கோபம்!

"இன்னாம்மா பண்ண? அடுத்தவங்க பொருளும்மா!"

"பொட்டுதாண்டி வெச்சேன். தொறந்து உள்ளயும் வெச்சேன். வெளிய மட்டும் வெச்சா பூஜையா?"

தலையில் அடித்துக்கொண்டு தோழிக்குப் போன் செய்தேன். "அழுவாதடீ, வந்துக்கினே கீறேன்" என்றாள். திட்டவே இல்லை.

மதியத்துக்குள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். அம்மா சாப்பிடாமல் அடுப்படியிலேயே ஒடுங்கிக் கிடந்தார். தோழி லேப்டாப்பை மூடி மூடித் திறந்து பார்த்தாள்.

"மூடினா லைட்டு தானா அணையுதில்ல? அப்ப மூடினது அதுக்குத் தெரிய எங்கனா ஒரு பட்டன் இருக்கணுமே."

இருவரும் தேடினோம். கீல் பக்கத்தில் கடுகளவு பட்டன், காய்ந்த சந்தனத்தில் அமுங்கியபடியே ஒட்டிக்கிடந்தது. திறந்து வைத்தும், மூடியிருப்பதாகவே அந்த மெஷின் நினைத்துக்கொண்டிருக்கிறது! பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியாலும் ஊக்காலும் மெல்லச் சுரண்டினேன். டக்கென்று பட்டன் எழும்பியது. ஆன் செய்தோம், திரை பளிச்சென்று வந்தது. அப்பாடா! அவளைக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தார். "தெரியாம பண்ட்டேன் கண்ணு. இனிமே உன் பொருளத் தொடவே மாட்டேன்." அம்மா யாரிடமும் அப்படிக் கூனிக்குறுகி நின்று நான் பார்த்ததில்லை.

தோழி லேப்டாப்பை மூடி அம்மாவிடம் நீட்டினாள். "இன்னாம்மா இப்டி சொல்றீங்க? நாளைக்கு வைவா கீது. பொட்டு வெக்காமயா எட்த்துக்கினு போறது? மேல வெய்யுங்க."

அம்மா வைத்தார். பிறகு எங்களுக்குச் சோறு போட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். வைவா நன்றாகவே போனது. ஆனால் அன்று அம்மா சாப்பிட்டாரே, அதற்காகத்தான் அவளை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.